காணாமற் போன கிழமை

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக ஆசை. அதற்காகச் சங்கதிகள் சேகரித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களையெல்லாம் ஒரே தேசப் படத்தில் பார்த்தால் சௌகரியமாக இருக்கும் என்று தோன்றியது. என் அண்ணன் மகன் கம்ப்யூட்டரில் தேசப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன். "அதற்கென்ன சித்தப்பா, காப்பி ஆறுவதற்குள் போட்டுத் தருகிறேன்" என்று உட்கார்ந்தான்.

காப்பி ஆறிவிட்டது. மொரீஷியஸ் வந்தது, நேட்டால் வந்தது, பினாங்கு வந்தது. பிஜி வந்தபோதுதான் விபரீதம். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு தீவுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. படத்தின் வலது ஓரத்தில் புறப்பட்ட அந்தப் பட்டை ஆஸ்திரேலியாவின் தலையைச் சீவிக்கொண்டு, மடகாஸ்கரையும் ஆப்பிரிக்காவையும் அறுத்துக்கொண்டு, பிரேஸில் வழியாக இடது ஓரத்தில் போய் முட்டி நின்றது. இரண்டு சுவர்களுக்கு நடுவே கொடி கட்டி ஈர வேஷ்டியைக் காயப் போட்டது போல் இருந்தது.

"இது என்னடா?" என்றேன்.

"ஒன்றுமில்லை சித்தப்பா. பிஜி 180-வது ரேகையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் தகராறு. எல்லோருக்கும் வருவதுதான்" என்றான்.

கணக்கில் என் தேர்ச்சி கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனது. ஆகையால் அவன் இரண்டு தடவை சொல்லித்தான் விளங்கிற்று. விளங்கியதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கிரீன்விச் என்ற இடத்தைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து கிழக்கே 180 டிகிரி வரையிலும் மேற்கே 180 டிகிரி வரையிலும் தீர்க்கரேகைகளை எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணிக்கையும் பூமியின் மறு பக்கத்தில், பசிபிக் சமுத்திரத்தில், ஒரே கோட்டில் வந்து முட்டிக்கொள்கின்றன. கம்ப்யூட்டருக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. அதனால் மேற்கு எண்களுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு வைப்பது வழக்கம். பிஜியின் தலைநகரான சுவா கிழக்கே 178 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. அதே பிஜியைச் சேர்ந்த லக்கெம்பாத் தீவு மேற்கே 178 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்துவிட்டு, நடுவில் 357 டிகிரி இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நட்டநடு எங்கே என்று கேட்டால் இரண்டு எண்களையும் கூட்டி, பாதியாக்கி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் காட்டுகிறது. நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, ஸெயிண்ட் ஹெலினாத் தீவு, அந்தப் பக்கத்துக் கடல்!

மூட்டின கைலியைத் தரையில் விரித்துப் போட வேண்டுமானால் எங்கேயாவது ஓரிடத்தில் தையலைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்? உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிப்பதும் அப்படித்தான். நான் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் நடுவே சௌக்கியமாக வீற்றிருந்தன. பசிபிக் சமுத்திரத்தை இரண்டாகக் கிழித்து இரு ஓரங்களிலும் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே அப்போது எனக்கு வந்ததில்லை.

கம்ப்யூட்டர் நேற்று வந்த பிள்ளை. இந்தக் கோட்டில் மனிதர்கள் ஐந்நூறு வருஷமாக இடறி விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

1519-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி ஸ்பெயின் தேசத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைவன் மகெல்லன். மேற்கே மேற்கே போய்க்கொண்டிருந்தால் கிழக்கே இருக்கிற கிராம்புத் தீவுகளுக்குப் போய்விடலாம் என்பது அவன் திட்டம். 230-க்கு மேற்பட்டவர்கள் ஏறிப் போனார்கள். வழியில் கலகம் நடந்தது. பசிபிக்கில் சாப்பாடு தீர்ந்துபோய், பாய்மரத்தில் சுற்றியிருந்த தோலை ஊற வைத்துத் தின்றார்கள்; எலிக்கு விலை பேசினார்கள். 1521-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி பிலிப்பைன்ஸில் மாக்டன் என்ற சிறு தீவில் மகெல்லன் சண்டையில் மாண்டான். கடைசியில் 'விக்டோரியா' என்ற ஒரே ஒரு கப்பல், எல்கானோ என்பவன் தலைமையில், கிராம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி ஊர் திரும்பிற்று.

1522-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி அது கேப் வெர்டித் தீவுகளில் நங்கூரம் போட்டது. அது போர்ச்சுகீசியர் இடம். ஸ்பெயின்காரர்களுக்கு ஆகாத இடம். ஆனால் பட்டினி யாரை விட்டது? அமெரிக்காவிலிருந்து வருகிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அரிசி வாங்கப் படகை அனுப்பினார்கள். போகிறவர்களிடம், இன்றைக்கு என்ன கிழமை என்றும் கரையில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். படகு திரும்பி வந்தது. அரிசி வந்தது. கூடவே, இன்றைக்கு வியாழக்கிழமை என்ற சேதியும் வந்தது.

கப்பலில் அன்று புதன்கிழமை!

பிகாபெட்டா என்ற இத்தாலியர் அந்தக் கப்பலில் இருந்தார். அவர் எழுதி வைத்ததனால்தான் இந்தப் பிரயாணத்தின் கதை நமக்குக் கிடைத்தது. மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதி வந்த மனிதர். நோயில் படுத்ததுகூட இல்லை. கலகத்தையும் பட்டினியையும் சாவையும் பார்த்தவர், இந்தப் புதன்கிழமையைக் கண்டு திகைத்துப் போனார். நானும் பல வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறவன்தான். ஒவ்வொரு பக்கத்தையும் ஒழுங்காக நிரப்பிய பிறகு யாரோ வந்து "ஒரு பக்கம் குறைகிறதே" என்றால் மனசு என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும்.

மாலுமிகளுக்கு வேறு கவலை. கிழமை தவறிப்போயிற்று என்றால், விரதம் இருக்க வேண்டிய வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் சாப்பிட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஈஸ்டரைத் திங்கட்கிழமை கொண்டாடியாயிற்று என்றல்லவா அர்த்தம்? உயிர் தப்பி வந்த சந்தோஷத்தையும் இந்தப் பாவம் அரித்தது. ஏகாதசி என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்ட பாட்டியின் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புரியும்.

மறுபடி கரைக்குப் போன படகிலிருந்த 13 பேரைப் போர்ச்சுகீசியர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கிராம்பைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மிச்சம் பேர் பாய் விரித்து ஓடி வந்தார்கள். செப்டம்பர் 6-ந் தேதி ஸ்பெயின் கரையில் இறங்கியவர்கள் 18 பேர்.

காணாமற் போன நாளுக்குச் சமாதானம் சொன்னவர் ஸ்பெயின் ராஜ சபையில் வெனிஸ் நகரத்தின் தூதராக இருந்த கான்டரீனி. சூரியன் போகிற திசையிலேயே போகிறவனுக்குச் சூரியன் மறுநாள் கொஞ்சம் தாமதமாகத்தான் உதிக்கும். அந்தக் கப்பல் கடலில் இருந்தது 1,082 நாள். கணக்குப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 80 விநாடி சுமாருக்கு அவர்களுடைய ஒவ்வொரு பகலும் இரவும் நீண்டிருக்கின்றன. ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம். அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அப்படித் துளித்துளியாகச் சிந்தியது மூன்று வருஷத்தில் சேர்ந்து ஒரு முழு நாளாயிற்று. எதிர்த் திசையில் போயிருந்தால் ஒரு நாள் அதிகமாகக் கிடைத்திருக்கும். 'எண்பது நாட்களில் உலகப் பிரயாணம்' நாவலில் ஜூல்ஸ் வெர்ன் தம் கதாநாயகனைப் பந்தயத்தில் ஜெயிக்க வைப்பது இந்தச் சூட்சுமத்தால்தான்.

வேடிக்கை என்னவென்றால், இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல உலகத்தைச் சுற்றியே வர வேண்டியதில்லை. 1331-ல் காலமான அபுல் பிதா என்ற சிரியா தேசத்துச் சிற்றரசர், இரண்டு பேர் எதிர் எதிராக உலகத்தைச் சுற்றி வந்தால் ஒருவனுக்கு ஒரு நாள் கூடும், மற்றவனுக்கு ஒரு நாள் குறையும் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டார். அவருக்கும் வெகு காலம் முன்னால், கி.பி. 499-ல், நம் ஆரியபடர் இலங்கையில் சூரியன் உதிக்கும்போது சித்தபுரியில் அஸ்தமிக்கும் என்று எழுதினார். இலங்கைக்கு நேர் எதிரே, பூமியின் மறு பக்கத்தில் இருப்பதாக அவர் வைத்த ஊர் அது. சித்தபுரியை யாரும் போய்ப் பார்த்ததில்லை. கணக்குக்கு ஓர் எதிர் ரேகை வேண்டியிருந்தது. ஊரைச் சிருஷ்டி செய்துகொண்டார்கள். நாவலாசிரியர்களும் இதைத்தானே செய்கிறோம்?

சரி, ஒரு நாள் போயிற்று. எங்கே போயிற்று? கடலில் இன்ன இடத்தில் விழுந்தது என்று யாரும் காட்ட முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கிழமையை மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்தார்கள். எந்தத் திக்கிலிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த ஊரின் கிழமை அமைந்தது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்தியாவைத் தொட்டுக்கொண்டு, மக்காவுக்கு வந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் மெக்ஸிகோ வழியாகப் பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கு வந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே சில நாள் கப்பல் பிரயாணம்தான். சூரியன் உதிக்கும் நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மக்காவில் திங்கட்கிழமை என்றால் மணிலாவில் ஞாயிற்றுக்கிழமை. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே நடந்தது.

மெக்ஸிகோ ஸ்பெயினை விட்டுப் பிரிந்தது. மணிலாவின் வியாபாரமும் சீனாப் பக்கம் திரும்பிற்று. பழைய கிழமை இடைஞ்சலாகிவிட்டது. கிளாவெரியா என்ற கவர்னர் 1844-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஓர் உத்தரவு போட்டார். அதன்படி அந்த வருஷம் டிசம்பர் 30, திங்கட்கிழமை படுத்து உறங்கிய மணிலாவாசிகள் 1845 ஜனவரி 1, புதன்கிழமை கண் விழித்தார்கள். 1844 டிசம்பர் 31-ல் பிலிப்பைன்ஸில் பிறந்தவர் ஒருவரும் இல்லை; இறந்தவரும் இல்லை. எமனுக்குக்கூட அன்று விடுமுறை.

அலாஸ்காவில் நேர்மாறு. ருஷ்யர்கள் சைபீரியா வழியாக அங்கே வந்தவர்கள். கிழக்குக் கிழமை, அதோடு பழைய ஜூலியன் பஞ்சாங்கம். 1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அந்த நாட்டை விலைக்கு வாங்கியது. அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18, வெள்ளிக்கிழமையாயிற்று. தேதி பன்னிரண்டு தாவியது, கிழமை அசையவில்லை.

பிஜிக்கு வருகிறேன். 180-வது ரேகை பிஜியில் டவேயூனி என்ற தீவின் குறுக்கே ஓடுகிறது. தேதி மாறுகிற இடம் அந்த ரேகைதான் என்று வைத்துக்கொண்டால், ஒரே தீவில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஞாயிறு, அந்தப் பக்கம் சனி. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக்கூடாது என்று பாதிரிமார் சட்டம் இருந்த காலம். ரேகையின்மேல் கடை வைத்த ஒரு சாமர்த்தியசாலி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசலைச் சாத்திவிட்டு மறு வாசலைத் திறந்து வியாபாரம் செய்தான் என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நிஜமோ, பொய்யோ, நல்ல கதை. 1879-ல் பிரிட்டிஷ் சர்க்கார் பிஜி முழுவதற்கும் ஒரே தேதிதான் என்று சட்டம் செய்துவிட்டது.

அதே 1879-ம் வருஷம் மே மாதம்தான் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து பிஜியில் இறக்கியது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. 1916 வரையில் போனவர்கள் அறுபதினாயிரத்துக்கு மேல். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நம் பக்கத்து ஜனங்கள். பாரதியார் நெஞ்சு குமுறிக் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடினாரே, அது இவர்களில் பெண்களை நினைத்துத்தான். இந்தக் கப்பல்கள் கிழக்கே போய், தேதி மாறுகிற எல்லையைத் தாண்டாமல் நின்றவை. ஆகவே சென்னையில் கப்பலேறியபோது எந்த வரிசையில் கிழமை ஓடிற்றோ அதே வரிசையில் அங்கேயும் ஓடிற்று. ஊரும் உறவும் போயின. பெயரைக்கூடக் குமாஸ்தாக்கள் தப்பும் தவறுமாக எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளிக்கிழமையாகவே கூட வந்தது. நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னதாக விடியும், அவ்வளவுதான் வித்தியாசம். என் நாவலில் இதை எங்கேயாவது கொண்டுவர வேண்டும்.

இனி வாஷிங்டன் மகாநாடு. 1884-ம் வருஷம் அக்டோபர் மாதம் 25 தேசங்களின் பிரதிநிதிகள் அங்கே கூடினார்கள். உலகத்துக்கெல்லாம் பொதுவான பூஜ்ய ரேகை எது என்று தீர்மானிக்க வேண்டும். கிரீன்விச்சுக்கு ஆதரவாக 22 ஓட்டு, எதிராக ஒன்று. பிரான்ஸும் பிரேஸிலும் ஓட்டுப் போடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கோபம் தணிந்து கிரீன்விச் நேரத்தை ஏற்க 1911 வரையில் ஆயிற்று. அப்போதும் சட்டத்தில் கிரீன்விச் என்று எழுத மனம் வரவில்லை. பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது எதுவோ அது என்று எழுதிக்கொண்டார்கள்.

இதெல்லாம் எல்லோரும் சொல்கிற கதை. என் அண்ணன் மகனைக் கஷ்டப்படுத்தியது அங்கே நடந்த இன்னொரு ஓட்டு. பூஜ்யத்திலிருந்து எப்படி எண்ணுவது? முந்தின வருஷம் ரோமாபுரியில் கூடிய நில அளவை விற்பன்னர்கள், கிழக்கே பார்த்து ஒரே திசையில் 360 வரை எண்ணிவிடலாம் என்று சிபாரிசு செய்திருந்தார்கள். கனடாவின் சார்பில் வந்திருந்த சாண்ட்போர்டு பிளெமிங்கும் ஒரே திசை எண்ணிக்கைக் கட்சி. ரயில் பாதைகள் போட்ட இஞ்சினீயர் அவர். 1876-ல் ஐர்லாந்தில், காலை என்பதற்குப் பதில் மாலை என்று கால அட்டவணையில் தப்பாக அச்சிட்டிருந்ததால் ரயிலைத் தவறவிட்டு ஒரு ராத்திரி முழுவதும் ஸ்டேஷனில் காத்துக் கிடந்தவர். அது முதல் உலகத்தின் கடிகாரங்களை எல்லாம் ஒழுங்குபடுத்தியே தீருவது என்று கிளம்பிவிட்டார். எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லாத பசிபிக் சமுத்திரத்திலே, கிரீன்விச்சுக்கு நேர் எதிரே பூஜ்யத்தை வைத்துவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இராது என்பது அவர் யோசனை. எடுபடவில்லை. மாலுமிகளின் பழைய வழக்கப்படி கிழக்கே 180, மேற்கே 180, கிழக்குக்குக் கூட்டல் குறி, மேற்குக்குக் கழித்தல் குறி என்று தீர்மானமாயிற்று. ஆதரவு 14, எதிர்ப்பு 5, நடுநிலை 6.

அந்தக் கழித்தல் குறிதான் நான் பார்த்த ஈர வேஷ்டி.

25 தேசங்களில் பசிபிக் தீவு என்று பார்த்தால் ஹவாய் ராஜ்யம் ஒன்றுதான் இருந்தது. பிஜி பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அதற்கு நாற்காலி இல்லை. ஸமோவாவையும் டோங்காவையும் யாரும் கூப்பிடவில்லை. இந்தியாவுக்கும் இந்தியர் யாரும் இல்லை. இந்தியா கவுன்சில் அங்கத்தினர் ஜெனரல் ஸ்ட்ரேச்சி பிரிட்டிஷ் பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். இன்னொன்று: தேதிக் கோடு எங்கே ஓட வேண்டும் என்று அந்த மகாநாடு ஒரு வார்த்தையும் தீர்மானிக்கவில்லை. அதற்குப் பிறகும் எந்த உடன்படிக்கையும் ஏற்படவில்லை. படத்தில் நாம் பார்க்கிற வளைந்து நெளிந்த கோடு, அந்தந்தத் தேசம் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்ட தேதியைப் பார்த்துப் படம் போடுகிறவர்கள் இழுத்தது. ஆகவே கோட்டை நகர்த்த வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஸமோவாவின் கதையைக் கேளுங்கள். அந்தத் தீவுகள் முதலில் ஆஸ்திரேலியாவின் கிழமையை வைத்திருந்தன, வியாபாரமும் சிட்னியோடுதான். பிறகு ஸான் பிரான்ஸிஸ்கோவோடு போக்குவரத்து அதிகமாயிற்று. வியாபாரிகள் அரசர் மலியெட்டோவாவிடம் போய்ச் சொன்னார்கள். 1892-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதியை இரண்டு தடவை கொண்டாடினார்கள். அமெரிக்கர்களின் சுதந்திர தினம் அது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிற இச்சகம் தெரிகிறதல்லவா?

'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸன் அப்போது ஸமோவாவில் குடியிருந்தார். காச நோயாளியைப் போல் நெஞ்சு பலவீனப்பட்டு, நல்ல காற்றைத் தேடிப் போனவர். கதை சொல்கிறவர் என்று அந்த ஜனங்கள் அவருக்குத் தங்கள் பாஷையில் பெயர் வைத்திருந்தார்கள். நாள் இரட்டித்த விந்தையை அவருடைய தாயார் ஊருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஸ்டீவன்ஸன் ஒரு காரியம் செய்தார். அமெரிக்க அதிகாரி ஐட் என்பவரின் சிறு பெண் ஆனி, கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். தனக்கென்று தனியாகப் பிறந்த நாள் இல்லையே என்று அவளுக்குக் குறை. ஸ்டீவன்ஸன் தம் பிறந்த நாளான நவம்பர் 13-ஐச் சட்டப்படி பத்திரம் எழுதி அவளுக்குத் தானம் செய்துவிட்டார். நிபந்தனைகளைக் காப்பாற்றாவிட்டால் அது அமெரிக்க ஜனாதிபதியைச் சேரும் என்று ஒரு ஷரத்தும் சேர்த்தார். நாளைக் கொடுக்கவும் வாங்கவும் முடியும் என்று ஓர் ஆசாமிக்குத் தோன்றுவதற்கு ஸமோவாவைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

நூற்றுப் பத்தொன்பது வருஷம் சென்றது. காற்று மறுபடி திரும்பிவிட்டது. ஸமோவாக்காரர்கள் பிழைப்புக்குப் போவது நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். சாமான் வருவதும் அங்கிருந்துதான். இங்கே வெள்ளிக்கிழமை ஆபீஸ் நடக்கும்போது அங்கே சனிக்கிழமை, விடுமுறை. இங்கே ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இருக்கும்போது சிட்னியில் திங்கட்கிழமை வியாபாரம் மும்முரமாக நடக்கும். வாரத்தில் இரண்டு நாள் வீண். பிரதம மந்திரி துயிலேபா கோட்டைத் தாண்டுவது என்று தீர்மானித்தார். 2011-ம் வருஷம் டிசம்பர் 29, வியாழக்கிழமை நள்ளிரவு மணி அடித்தது. அடுத்த விநாடி டிசம்பர் 31, சனிக்கிழமை. முப்பதாந் தேதி வெள்ளிக்கிழமை கிடையாது.

இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கும் முதலாளிகள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. உலக சரித்திரத்தில் வேலை செய்யாமலே, உயிரோடு இருக்காமலே ஒரு நாள் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் அமெரிக்க ஸமோவா நகரவில்லை. ஒரே ஜாதி, ஒரே பாஷை, சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள். இப்போது இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டுகிறது. காலண்டரில் மட்டும் ஒரு தாள் வித்தியாசம்.

சம்பளத்தைத் தீர்த்துவிடலாம்; தெய்வத்தை என்ன செய்வது? ஏழாம் நாளான சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்டாடும் ஒரு கிறிஸ்தவ சபை ஸமோவாவில் இருக்கிறது. அவர்களுக்குப் பெரிய சங்கடம் வந்துவிட்டது. வியாழனுக்கு மறுநாள் சர்க்கார் சனிக்கிழமை என்கிறது. ஆண்டவன் வகுத்த வரிசைப்படி அது ஆறாம் நாளல்லவா? ஏழு ஏழாக இடைவிடாமல் எண்ணிக்கொண்டு வந்தால் ஓய்வு நாள் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்று பெயர் பெற்ற நாளில் விழும். பெரும்பாலோர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினார்கள். சிலர் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், சனிக்கிழமையிலேயே நின்றார்கள். ஒரே சபையில் இரண்டு கட்சியாயிற்று. விக்டோரியாக் கப்பலின் மாலுமிகள் இருந்தால் இவர்களோடு உட்கார்ந்து பேச நிறைய விஷயம் இருந்திருக்கும். எந்தக் கட்சி சரி என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணிக்கைக்காரர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது என்று மட்டும் சொல்வேன்.

கிரிபாட்டி என்று எழுதி கிரிபாஸ் என்று படிக்கிற ஒரு தேசம் ஸமோவாவுக்கு முன்பே கோட்டை நகர்த்திவிட்டது. 1979-ல் சுதந்திரம் வந்தபோது தேசத்தின் நடுவே தேதிக் கோடு ஓடிற்று. தலைநகரில் திங்கள் என்றால் கிழக்குத் தீவுகளில் ஞாயிறு. சர்க்கார் ஆபீசுகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது வாரத்தில் நாலு நாள்தான். 1995 பிறந்தபோது கிழக்குத் தீவுகள் ஒரு நாளை விட்டுக்கொடுத்து மேற்கோடு சேர்ந்துகொண்டன. அதனால்தான் இன்றைய படங்களில் தேதிக் கோடு அங்கே கிழக்கே வெகு தூரம் மூக்கை நீட்டிக்கொண்டு போகிறது. உலகத்திலேயே புத்தாண்டு முதலில் பிறப்பது அங்கேதான்.

இத்தனையும் நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உபயோகிக்கிற கம்ப்யூட்டர் பாஷைக்கு 'ஆர்' என்று ஒற்றை எழுத்தில் பெயர். அது எங்கே பிறந்தது என்று கேட்டேன். நியூஸிலாந்தில், ஆக்லாந்து சர்வகலாசாலையில், 1990-களின் தொடக்கத்தில் இஹாக்கா, ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் உண்டாக்கியதாம். இரண்டு பேருக்கும் முதற் பெயர் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். ஆக்லாந்து, எதிர் ரேகைக்கு ஐந்தே டிகிரி இப்பால் இருக்கிற ஊர். நியூஸிலாந்துக்குச் சொந்தமான சாதம் தீவுகள் கோட்டுக்கு அப்பால். ஆக, அந்தத் தேசத்தின் படத்தைப் போட்டாலே ஈர வேஷ்டி தொங்கும்!

"இதைப் பாருங்கள்" என்று ஓர் அட்டவணையைக் காட்டினான். 'ஆர்' உபயோகிக்கிறவர்களுக்கு அதோடு இனாமாக வருவது. பிஜிக்குப் பக்கத்தில் 1964 முதல் உண்டான பூகம்பங்களில் ஆயிரத்தின் பட்டியல்; இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, இவ்வளவு ஆழம் என்று. தீர்க்கரேகை வரிசையில் 181, 184 என்று எண்கள் போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் 188.

"180-க்கு மேல் எண்ணே கிடையாது என்றாயே?"

"வாஷிங்டனில் கிடையாது சித்தப்பா. பூகம்பத்துக்குக் கோடு தெரியாதே. இப்பால் நாலு, அப்பால் நாலு என்று வெடிக்கிறது. பாதியைக் கழித்தல் குறி போட்டு எழுதினால் ஒரே கொத்து இரண்டாகச் சிதறிவிடும். அதனால் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போய்விட்டார்கள்."

ரோமாபுரிக்காரர்களும் பிளெமிங்கும் கேட்டது இதைத்தானே! பரிகாரம் இரண்டு விதமாம். 180-ல் தீவை இரண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைத் தனித்தனியே எழுதி வைப்பது ஒன்று. படத் தகவல்களை எழுதும் முறை ஒன்றுக்கு 2016-ல் வெளியான விதி அப்படித்தான் சொல்கிறது. கழித்தல் குறி உள்ள எண்களோடெல்லாம் 360-ஐக் கூட்டிவிடுவது மற்றொன்று. டவேயூனியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவதைச் செய்யச் சொன்னேன்.

ஒரு வரி தட்டினான். பட்டை மறைந்தது. பசிபிக் சமுத்திரம் முழுசாக, நடுநாயகமாக வந்து நின்றது. அதில் பிஜித் தீவுகள் சிந்திய பயறு போல் ஒரே இடத்தில் கிடந்தன. சுவாவுக்குப் பக்கத்தில் லக்கெம்பா, நடுவில் டவேயூனி, எல்லாம் அதனதன் இடத்தில். இடது பக்கத்தில் இந்தியா. சென்னையிலிருந்து கிழக்கே ஒரு கோடு தடையில்லாமல் ஓடி அந்தத் தீவுகளைத் தொட்டது.

சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், படத்தின் மேல் பக்கத்தைக் கவனித்தேன். அங்கே புதிதாக ஒரு பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரையில், ருஷ்யாவையும் கனடாவையும் அறுத்துக்கொண்டு போயிற்று. உற்றுப் பார்த்தால் அது இங்கிலாந்து. அதற்குக் கீழே பிரான்ஸும் ஸ்பெயினும் அதே கதியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"தையல் இப்போது கிரீன்விச்சில் விழுந்துவிட்டது. சரி பண்ண இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று தலையைச் சொறிந்தான். பிறகு, "உங்கள் நாவலில் இங்கிலாந்துக்கு என்ன வேலை சித்தப்பா?" என்றான்.

அப்படியே அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னேன். என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.